தொரை வாய் வைக்காத தட்டு

என் வீட்டுச் சமையலறைப் பரணில் ஓர் அலுமினியத் தட்டு இருக்கிறது. நடுவில் கறுத்து, விளிம்பு நசுங்கிக் கிடக்கும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் விற்கிறவன்கூட வேண்டாம் என்று தள்ளிவிடுவான். விளிம்பின் ஒரு பக்கத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். பல் முளைக்கிற வயதில் ஒரு நாய்க்குட்டி கடித்த தடம். லீவில் வந்த மருமகள் ஒருமுறை அதைத் தூக்கிப் போடப் போனாள். "அதுல கை வச்சே, தெரியும் சேதி" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், அந்தப் பெண் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்ல உட்கார்ந்தால் அழுதுவிடுவேன். ரிட்டயரான வாத்தியாரம்மா மருமகள் முன்னால் அழுதால் நன்றாகவா இருக்கும்?

இன்று காலை அந்தத் தட்டை நானே இறக்கினேன். மகன் மஸ்கட்டுக்குப் போகும்போது புரூனோ என்ற லாப்ரடாரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். பாக்கெட்டில் வருகிற தீனி, அதன் மேல் வேகவைத்த கோழி, அதற்கும் மேலே ஒரு ஸ்பூன் நெய். எல்லாம் வைத்தால், அவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு சாப்பாடா" என்பதுபோல ஃபேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு வேளையாக இதே கூத்து. தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் சோற்றை விட்டுத் தலையைத் திருப்பினால் எனக்குப் பயம் வந்துவிடும். என் சித்தி கொடுத்துவிட்டுப் போன பயம் அது.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அம்மாவின் தங்கை, என் சித்தி. பாபநாசத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய கூலிக்காரத் தெருவில் எங்கள் குடிசை. சித்தப்பா மிராசுதார் பண்ணையில் ஏர் ஓட்டினார். சித்தி அதே பண்ணையின் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக் கூட்டிப் பெருக்கினாள். நல்ல கறுப்பு, நல்ல உயரம், அதைவிட நல்ல வாய். அவள் திட்டாத நாளில் தெருவுக்கே என்னவோ குறைவதுபோல இருக்கும். தட்டுக்குச் சொந்தக்காரனைச் சித்தப்பாதான் மழையில் நனைந்த குட்டியாகத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கி ஒரு காது நிமிர்ந்து இருக்கும். வந்த முதல் நாளே பழைய சோற்றை முகர்ந்துவிட்டு எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. சித்தப்பா ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டு உதிர்த்துப் பிசைந்து வைத்தபிறகுதான் வாய் வைத்தது. "பொறந்தது குப்பமேட்டுல, நாக்கு மட்டும் தொரை நாக்கா?" என்று சித்தி கேட்டாள். அன்றைக்கே அதற்குத் தொரை என்று பேர் விழுந்துவிட்டது.

அந்த நாக்கு பிறகும் மாறவில்லை. கருவாடு இல்லாத சோறு என்றால் தொரை தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, மூக்கால் தட்டை எங்கள் பக்கமே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. தொரைக்கு இன்னிக்குச் சாப்பாடு பிடிச்சுதா என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். சித்தப்பா சிரித்துக்கொண்டே தன் பங்குக் கருவாட்டில் பாதியைக் கிள்ளிப் போடுவார். சித்தி திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தச் செல்லம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரியாது.

பிறகு அந்தத் தை மாதம் வந்தது. ஆட்சி மாறியிருந்த காலம். சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். இனி ஏழைக்கு ஒரு குறையுமில்லை என்று மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். சம்பா கதிர் சாய்ந்து கிடந்தது. அறுவடைக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று எங்கள் விவசாயக் கூலிச் சங்கம் கேட்டது. முடியாது என்றார் மிராசுதார். அறுவடைக்கு யாரும் அரிவாள் எடுக்கவில்லை. அவர் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் மறித்தார்கள், கைகலப்பு ஆயிற்று, மறுநாள் எங்கள் தெருவுக்குள் போலீஸ் வேன் வந்தது. ஆண்களில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பாவும் போனார். வேன் கிளம்பும்போது கம்பி வழியாக அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பெண்டாட்டிக்குத் தைரியமாய் இரு என்று சொல்வார் என்று நினைத்தேன். "ஏ, தொரைக்குக் கருவாடு இல்லாம வைக்காத! தின்ன மாட்டான்!" என்று கத்தினார். போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். சித்தி வேனுக்குப் பின்னால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு, வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டாள்.

கருவாட்டுக்கு எங்கே போவது? அரிசிக்கே வழியில்லை. சங்கத்துச் செயலாளர் வீடுவீடாகப் போய், குதிரில் கிடந்த குருணை, நொய், கேழ்வரகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சங்கக் கொடிமரத்தடியில் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்ச ஏற்பாடு செய்தார். தெரு முழுவதும் வரிசையில் நின்று வாங்க வேண்டும். ஆளுக்கு ஓர் அகப்பை. நாய்க்கு என்று தனியாகக் கிடையாது, அது நியாயம்தான். சித்தி தன் கஞ்சியில் பாதியை அந்த அலுமினியத் தட்டில் ஊற்றுவாள். தொரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். முதலில் சித்திக்குக் கோபம்தான் வந்தது. "திமிரு பாத்தியா, திமிரு! ஊரே வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கிட்டுக் கெடக்கு, இவருக்குக் கருவாடு கேக்குது" என்று தட்டை மறுபடி அதன் முன்னால் தள்ளுவாள். பசித்தால் தின்னும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பட்டினி கிடப்பவர்களுக்குப் பசி ஒன்றுதான் உலகத்தில் உள்ள ஒரே நோய். பசிக்காத நோய் ஒன்று இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

எதிர்வீட்டு அத்தைக்குக் கைப்பிள்ளை ஒன்று இருந்தது. வயிற்றுக்கு இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிப்போய், பிள்ளை நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கும். கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு மதியம் அவள் கண்முன்னாலேயே தொரை தட்டை மூக்கால் தள்ளியது. கஞ்சி மண்ணில் கவிழ்ந்தது. அத்தை பிள்ளையை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு கத்தினாள். "எம் புள்ளைக்கு வடிதண்ணி இல்ல. ஒன் நாயிக்குக் கஞ்சி கசக்குதா? எங்கயோ அதுக்கு வயிறு ரொம்புதுடி. அதான் கசக்குது!" எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சித்தி திருட்டுத்தனமாய்ச் சோறு வாங்கி வருகிறாள், நாய் அங்கே தின்றுவிட்டு வருகிறது, ஆகவே இவள் ஸ்ட்ரைக்கைக் காட்டிக்கொடுக்கிற கருங்காலி. அதுதான் அதற்கு அர்த்தம்.

இதற்கு ஒரு முகாந்திரமும் இருந்தது. வேலை நின்ற முதல் நாள், பண்ணையில் கழுவாமல் கறக்காமல் கிடந்த மாடுகள் கத்தியது தெருவரைக்கும் கேட்டது. "பாவம், வாயில்லாத சீவன் என்னா பண்ணுச்சு?" என்று சித்தி வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அதை இப்போது ஆளுக்கு ஆள் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். செயலாளர் நல்ல மனிதர். சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் நம்பலம்மா. ஆனா நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. அந்த நாயி நாலு பேரு பாக்க ஒருவாய் தின்னுட்டா, பேச்சு அடங்கிடும்" என்றார். சித்தப்பா ஜெயிலில் இருக்கிறார். வெளியே அவர் பெண்டாட்டி கருங்காலி என்று பேர் வாங்கினால், அந்தச் சேதி ஜெயிலுக்குள் போக எத்தனை நேரம் ஆகும்? சித்திக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

அன்றிலிருந்து சித்தி பட்ட பாட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. கொடிமரத்தடியில், எல்லோர் முன்னாலும், தரையில் உட்கார்ந்து அந்த நாயிடம் கெஞ்சுவாள். கஞ்சியை விரலில் தொட்டு மூக்கில் தடவுவாள். கருவாடு கட்டியிருந்த பழைய துணி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கஞ்சியில் முக்கி எடுத்தாள், வாசனைக்காவது தின்னட்டும் என்று. "எஞ் சாமி, ஒரே வாயி. என் மானத்தக் காப்பாத்துடா" என்றாள். ஊரைத் திட்டுகிற வாய் அது. நாய் அவள் கையை நக்கியது. கஞ்சியைத் தொடவில்லை. வயிற்றில் பூச்சி இருக்கும் என்று யாரோ சொல்ல, வேப்பங்கொழுந்தை அரைத்துப் புகட்டினாள். அதுவும் நுரையாக வெளியே வந்தது. காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஆமணக்கு விதைபோல உண்ணிகள் தொங்கின. ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாம்பலில் போட்டாள். நாய்க்கு உண்ணி என்ன புதிதா, எல்லா நாய்க்கும் இருப்பதுதானே என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு தொரை எழுந்து நிற்பதையே விட்டுவிட்டது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமண்ணில் வயிற்றை ஒட்டிப் படுத்துக் கிடந்தது. திமிர் பிடித்த நாய் இப்படிப் படுக்காது என்பது அப்போதுதான் சித்திக்குப் புரிந்தது. "அடி பாவி, இது நோவுடி. நான் திமிருன்னு நெனச்சுட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மிராசுதார் வீட்டுக்கு மாட்டு டாக்டர் வந்தார். கன்று ஈனுகிற பசு ஒன்றுக்குச் சிக்கலாகி, பாபநாசத்திலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருவுக்கே கேட்டது. தொரைக்கு வைத்தியம் பார்க்க அந்த ஒரு மனிதர் போதும். ஆனால் அவர் இருப்பது எந்தக் கொட்டகை வாசலில் சித்தியின் நிழல் விழக் கூடாதோ, அங்கே. சித்தி வீட்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள். சட்டென்று தொரையை ஒரு கோணிச்சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டாள். என் கையில் தட்டைக் கொடுத்தாள். மிராசுதார் தெருவுக்குப் போகிற ரோடும் எங்கள் தெருவும் பிரிகிற இடத்தில் வாய்க்கால் மதகு ஒன்று உண்டு. வெளியூர் ஆள் லாரி வருகிறதா என்று பார்க்க, சங்கத்துப் பெண்கள் அங்கே முறைபோட்டுக் காவல் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்வீட்டு அத்தையும் அன்று இருந்தாள். சித்தி அவர்கள் எல்லோருக்கும் முன்னால், நட்டநடு ரோட்டில், உச்சி வெயிலில் நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எங்கேயும் ஒளிந்து போகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல இருந்தது அந்த உட்காருதல்.

டாக்டர் திரும்பி வந்தார். பின்சீட்டில் மிராசுதாரின் காரியஸ்தர், மருந்து வாங்க டவுனுக்குப் போகிறவர். வண்டி நின்றது. "என்னம்மா, ரோட்டுல உக்காந்துகிட்டு?" என்றார் டாக்டர். "ஐயா, நாய் வாய் வைக்க மாட்டேங்குதுங்க" என்றாள் சித்தி. அவர் இறங்கி வந்து குந்தி உட்கார்ந்து, தொரையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கினார். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது. "ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா. எல்லாத்தையும் உண்ணி குடிச்சிருச்சு. காய்ச்சல் வேற கொதிக்குது. இது தின்னு பல நாள் ஆயிருக்கும். வயிறு முதுகோட ஒட்டிப்போச்சு, பாரு. இது எங்கயும் ஒரு பருக்கை தின்னிருக்காது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். மதகில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்டது. அத்தை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். டாக்டர் ஓர் ஊசி போட்டார். "ஈரல் வேகவச்ச தண்ணி, முட்டை, பால், எது கெடைக்குதோ அதக் கொஞ்சம் கொஞ்சமாப் புகட்டு. ரத்தம் ஊறணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். ஊர் நிலவரம் தெரியாதவர்.

சித்திமேல் விழுந்த பழி கழுவப்பட்டுவிட்டது. நாய் செத்துக்கொண்டிருந்தது. ஈரலாம், முட்டையாம், பாலாம்! அந்தத் தெருவில் கோழிகூட இல்லை, எல்லாம் கஞ்சிக்கு விற்றாயிற்று. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் காரியஸ்தர் எங்கள் தெரு முனைக்கு வந்து நின்றார். கையில் தூக்கு. மூடியைத் திறந்து காட்டினார். பால். ஆடை மிதக்க, நிரம்ப. அந்த வாசனை வந்ததும் அத்தையின் பிள்ளை அழ ஆரம்பித்தது. "டாக்டர் சொன்னத நானும் கேட்டேன். பண்ணை வீட்டு அம்மா குடுத்துவிட்டாங்க. நாய்க்குத்தானே, வாங்கிக்க. மனுசங்களுக்குத்தான ஸ்ட்ரைக்கு, நாயுமா சங்கத்துல சேந்திருக்கு?" என்றார். தெருவே வாசலில் நின்றது. யாரும் வாங்காதே என்று சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சொல்லியிருந்தால் சித்தி அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதிருப்பாள்.

சித்தி தூக்கைப் பார்த்தாள். மடியில் கிடந்த தொரையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுடைய பழைய வாய் திரும்பி வந்ததுபோல, "எங்க தொரை கண்ட எடத்துச் சோத்துல வாய் வைக்க மாட்டாருங்க. எடுத்துட்டுப் போங்க" என்றாள். காரியஸ்தர் முகம் சுண்டிப்போய்த் திரும்பிப் போனார். அவர் தலை மறைகிற வரைக்கும் சித்தி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய், கதவுத் தட்டியைச் சாத்தி, நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். "ஒன் வாய்க்கு வந்த பாலத் தட்டிவுட்டுட்டனேடா. நான் மனுசியாடா, நான் மனுசியா?"

இருட்டியபிறகு கதவுத் தட்டியைத் திறந்துகொண்டு வந்தது எதிர்வீட்டு அத்தை. முழங்கால்வரை சேறு. வாய்க்கால் குட்டையில் இறங்கி நத்தை பொறுக்கி, வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடித்து, இடித்துக் காய்ச்சியிருந்தாள். நண்டு பிடித்த விரலில் ரத்தம். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் தெருவில் அந்த வழக்கம் கிடையாது. "கருவாடு இல்லடி. கவிச்சி வாசனையாவது இருக்கும், குடிக்குதா பாரு" என்றாள். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய சாறு அது. அலுமினியத் தட்டில் ஊற்றினார்கள். தொரை வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தது. பிறகு நாக்கு வெளியே வந்தது. நாலைந்து மடக்குத்தான். அத்தை "குடிக்குதுடி, குடிக்குதுடி" என்று சின்னப்பெண்போலக் கத்தினாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தொரை வாலை ஒருதரம் தரையில் தட்டியது. சித்தி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள், விட்டால் எங்கேயோ போய்விடும் என்பதுபோல.

விடிந்தபோது தொரை போய்விட்டிருந்தது. ஊசியும் சாறும் வருவதற்குள் காலம் தாண்டிவிட்டது என்று இப்போது தெரிகிறது. வாய்க்கால் கரையில் புதைத்தோம். அத்தைதான் மண்வெட்டி பிடித்தாள். அப்புறம் கொஞ்ச நாளில் பேச்சுவார்த்தை நடந்து, கேட்டதில் பாதி கிடைத்தது. ஜெயிலில் இருந்தவர்கள் வந்தார்கள். சித்தப்பா தாடியும் அழுக்குமாகத் தெருவுக்குள் நுழையும்போதே விசிலடித்தார். யாரும் ஓடி வரவில்லை. சித்தியைப் பார்த்தார். அவள் சொன்னாள். எல்லாவற்றையும் அல்ல, செத்துப்போச்சு என்பதை மட்டும். அவர், "கருவாடு இல்லாம வச்சியா?" என்று கேட்டார். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டார். சாகிறவரைக்கும் சித்தி கருவாடு தின்னவில்லை.

அதற்குப் பின்னால் தெருவில் யார் வீட்டு நாய், ஆடு, ஏன் பிள்ளையே ஆனாலும், சாப்பிடவில்லை என்றால் சித்தி போய் நின்றுவிடுவாள். "திமிருன்னு சொல்லாத. மொதல்ல ஒதட்டத் தூக்கிப் பாரு" என்பாள். நான் கல்லூரிக்குப் போகும்போது அந்தத் தட்டை என் பெட்டியில் வைத்தது அவள்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "சோறு எறங்காத நாள்ல பாத்துக்க" என்றாள்.

இன்று காலை புரூனோ தீனியை விட்டுத் திரும்பிப் படுத்ததும், பரணிலிருந்து அதை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் வலியில் உயிர் போயிற்று. புரூனோவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு நல்ல சிவப்பு. மாதுளை முத்துபோல ஈரமாக, சிவப்பாக. காதுமடல், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தேன், உண்ணி இல்லை. அது சலித்துக்கொண்டு என் கையைத் தள்ளிவிட்டுக் கோழி வந்த பாத்திரத்தையே பார்த்தது. கோழி அதிகம் வேண்டுமாம், தீனி குறைவாக வேண்டுமாம். "திமிருடா ஒனக்கு, வெறும் திமிரு" என்று திட்டினேன். திட்டத் திட்டக் கண்ணீர் வழிந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், சித்தி. இந்த ஒரு நாய்க்காவது அது திமிராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.